நந்து என்னும் இனம்: கொற்கைச் சங்கு முதல் ஆழ்கடல் நத்தை வரை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், முதுகலைத் தமிழ் வகுப்புகளில் பெரும்பாலும் விரைந்து கடக்கப்படும் பகுதி. அகத்திணைக்கும் மெய்ப்பாட்டுக்கும் கிடைக்கும் நேரம் அதற்குக் கிடைப்பதில்லை. உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுக்கும் நூற்பாக்கள் மட்டும் விதிவிலக்கு. அவை மேடைதோறும் முழங்கப்படுகின்றன. முழங்குவோர் இருவகையினர். அறிவியலார் நேற்றுக் கண்டதைத் தமிழர் அன்றே கண்டுவிட்டனர் என்று மகிழ்வோர் ஒருவகை. புழுவுக்கும் பூச்சிக்கும் இத்தனை அறிவு என்று எண்ணிச் சொல்வது அறிவியலாகாது என்று ஒதுக்குவோர் மற்றொரு வகை. நூற்பா எதற்காக எழுந்தது என்ற வினாவை இருவருமே கேட்பதில்லை என்பது என் எண்ணம்.

அந்த வினாவை ஒரே ஓர் உயிரினத்தை முன்னிறுத்திக் கேட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அவ்வுயிர் நத்தை. தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு நத்தையினத்தைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் இந்த ஆற்றின் வயல்களில் நத்தை. அது சேரும் மன்னார் வளைகுடாவில் சங்கும் முத்துச் சிப்பியும். இவற்றை மனிதர்கள் எப்படியெல்லாம் பெயரிட்டு வகைப்படுத்தினார்கள் என்ற வரலாறு கொற்கையில் தொடங்கி, ஹாம்பர்க் நகரின் ஓர் ஏலப் பட்டியல் வழியாகச் சென்று, இந்தியப் பெருங்கடலின் அடியில் கொதிநீர் பீறிடும் ஊற்றுகளில் இன்று வந்து நிற்கிறது.

1. உரையாசிரியர் கண்ட பிரிவு

மரபியலின்படி ஓரறிவுயிர் உடம்பால் மட்டும் உணர்வது. ஈரறிவுயிர் உடம்பாலும் நாவாலும் உணர்வது. புல்லும் மரமும் முதல் வகை. நந்து, முரள் ஆகிய இரண்டும் அடுத்த வகை. மூன்றாவதில் கறையானும் எறும்பும், நான்காவதில் நண்டும் தும்பியும் வருகின்றன.

நந்து என்பது எது, முரள் என்பது எது? பழைய உரை மரபு இதற்குத் தரும் விடை நின்று நோக்கத்தக்கது. நந்து என்பதில் சங்கு, நத்தை, அலகு, நொள்ளை ஆகியவற்றை அடக்குகிறது உரை. முரள் என்பதில் இப்பி, கிளிஞ்சல், ஏரல் ஆகியவற்றை அடக்குகிறது. முதற் பட்டியலில் தெளிவாக அடையாளம் காணக்கூடிய சங்கும் நத்தையும் ஒற்றைச் சுருள் ஓடு உடையவை. இரண்டாம் பட்டியலின் இப்பியும் கிளிஞ்சலும் இரண்டு மூடிகள் சேர்ந்த ஓடு உடையவை. இன்றைய விலங்கியல் நூல்கள் மெல்லுடலிகளுள் வயிற்றுக்காலிகள் என்றும் இருமூடிகள் என்றும் பிரிப்பது இந்தக் கோட்டை ஒட்டியே. வயல் நத்தையையும் கடற்சங்கையும் ஓரினமாகக் கொண்டு, அதே கடலில் சங்குக்கு அருகிலேயே கிடக்கும் முத்துச் சிப்பியை வேறினமாகக் கொள்வதற்கு, இருக்கும் இடத்தைப் பாராமல் உடலமைப்பைப் பார்க்கும் கண் வேண்டும். அந்தக் கண் உரையாசிரியருக்கு இருந்திருக்கிறது.

இதைச் சொன்ன உடனே முதல் வகையினரோடு சேர்ந்து மகிழ்ந்துவிடக் கூடாது. நந்தையும் முரளையும் ஒரே ஈரறிவில் வைத்ததற்கு மரபியல் தரும் காரணம் ஓட்டின் அமைப்பன்று, புலன்களின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை அறிவியலாரின் சோதனைக்கு நிற்காது. நத்தைக்குக் கண் உண்டு. நீரில் கரைந்த மணத்தை உணரும் உறுப்பு கடல்வாழ் நத்தைகள் பலவற்றிற்கும் உண்டு. மணல் தரையில் வாழும் புழுக்களைச் சங்கு தேடி உண்பதற்கு அவ்வுணர்வும் துணை. மூக்கும் கண்ணும் அற்றவை என்று இவற்றை ஈரறிவில் நிறுத்தியது புறத்தோற்றம் கொண்டு செய்த முடிவு.

ஆனால் மரபியல் விலங்கியல் நூலன்று. எந்த உயிரின் இளமையை எச்சொல்லால் வழங்குவது, ஆணையும் பெண்ணையும் எப்படிக் குறிப்பது என்ற சொல் மரபைப் பதிவதே அவ்வியலின் முதற்பணி. மரபியலின் சில பகுதிகள் பிற்சேர்க்கை என்று கருதும் அறிஞரும் உளர். இலக்கணி உயிர்களை வரிசைப்படுத்தியது சொல்லை வரிசைப்படுத்துவதற்காக. அந்த வரிசையில் அவர் காட்டிய ஒரு முன்னெச்சரிக்கை பலராலும் கவனிக்கப்படாதது. ஒவ்வோர் அறிவுக்கும் எடுத்துக்காட்டுச் சொன்ன பிறகு, அவ்வினத்தில் பிறவும் உண்டு என்று சொல்லியே நூற்பா முடிகிறது. பட்டியல் மூடப்படவில்லை. இதை இக்கட்டுரையின் முடிவில் மீண்டும் பார்ப்போம்.

2. நிகண்டின் படிநிலை, சலாபத்தின் பெயர்கள்

இலக்கணிக்கு அடுத்து வந்த நிகண்டு மரபு சங்கை வேறொரு முறையில் வகுத்தது. ஆயிரம் இப்பிகள் சூழ நடுவே ஓர் இடம்புரி. ஆயிரம் இடம்புரி சூழ ஒரு வலம்புரி. ஆயிரம் வலம்புரி சூழ ஒரு சலஞ்சலம். ஆயிரம் சலஞ்சலம் சூழ ஒரு பாஞ்சசன்னியம். அருமையே இங்கு அளவுகோல். எது குறைவாகக் கிடைக்கிறதோ அது உயர்ந்தது. கடைசிப் படியில் இருப்பது கடலிலேயே கிடைக்காதது, திருமாலின் கையில் மட்டும் இருப்பது. அரசனையும் சுற்றத்தையும் பார்த்துப் பழகிய சமூகம் கடலடியிலும் ஓர் அரசவையைக் கண்டது என்று சொல்லலாம்.

சங்கைக் கையால் எடுத்தவர்களின் வகைப்பாடு இன்னொன்று. கொற்கையின் கடல்வளத்தை மதுரைக்காஞ்சியும் அகநானூறும் ஐங்குறுநூறும் பேசுகின்றன. வலம்புரிக்காக மூழ்கித் திரும்பும் பரதவரைச் சங்கொலியோடும் ஆரவாரத்தோடும் கொற்கை எதிர்கொள்ளும் காட்சி அகநானூற்றில் உண்டு. எரித்திரேயக் கடற்செலவு நூலும் தாலமியும் கொல்கை என்று குறித்தது இவ்வூரையே. தமிழக அரசின் தொல்லியல் துறை 1968-69இல் இங்கு அகழ்ந்தபோது அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. அங்கு எடுத்த கரிமாதிரி ஒன்றின் காலம் கி.மு. 785 அளவில் கணிக்கப்பட்டது. இன்று கொற்கைக்கும் கடலுக்கும் இடையே ஏழு கிலோமீட்டர் அளவில் நிலம். ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. ஊரைத் தோண்டினால் கடற்சிப்பிகள் கிடைப்பதைக் கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் (1881) எழுதியுள்ளார்.

துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கும் பின்னர்த் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. சங்குத் தொழிலும் உடன் நகர்ந்தது. சங்கு வங்காளத்துக்குச் சென்று மணமான பெண்களின் கைவளையாயிற்று. குளிப்பவர்களுக்கும் வணிகர்களுக்கும் ஓட்டின் அளவும் உருவமும் கனமுமே முதன்மை. ஜாதி என்றும் பட்டி என்றும் உருவமும் தரமும் பார்த்துப் பிரிப்பர். முத்துச் சிப்பி ஒட்டிக் கிடக்கும் பாறைத்திட்டு பார். சங்கு மேயும், புழு நிறைந்த மணற்றரை பூச்சிமணல். இந்தக் கடைசிச் சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். சங்கு எதைத் தின்கிறது என்ற செய்தியும் அது எங்கே கிடைக்கும் என்ற செய்தியும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. நிகண்டு சொல்லாத உயிரியலை மூழ்கியவர்களின் பேச்சு சொல்லிவிட்டது.

3. ஹாம்பர்க் ஏலமும் இழந்த பெயரும்

ஐரோப்பியர் கீழ்த்திசைக் கடல்களுக்கு வந்தபின் சங்குகளும் சிப்பிகளும் செல்வர்களின் அலமாரிகளை நிறைத்தன. லின்னேயஸ் 1767இல் வெளிவந்த தம் இயற்கை ஒழுங்கு நூலின் பன்னிரண்டாம் பதிப்பில் நம் சங்குக்கு வலூட்டா பைரம் என்று பெயரிட்டார். பைரம் என்பது பேரிக்காய். உயிருள்ள சங்கைப் பார்க்காமல் ஓட்டை மட்டும் மேசைமேல் வைத்துப் பார்த்தவர்க்கு அது பேரிக்காயாகத் தெரிந்தது இயல்பே.

அடுத்து நிகழ்ந்ததுதான் தமிழ் படித்தவர்கள் அறிய வேண்டியது. ஹாம்பர்க் நகரில் போல்ட்டன் என்ற மருத்துவர் பெருந்தொகையாகச் சிப்பிகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் மறைந்த பின் தொகுப்பை விற்பதற்காக 1798இல் ரோடிங் என்பவர் ஒரு பட்டியல் தயாரித்தார். விற்பனைப் பட்டியல்தான், ஆனால் அதில் இட்ட பெயர்கள் விலங்கியலின் முறையான பெயர்களாக ஏற்கப்பட்டுவிட்டன. நம் வயல் நத்தையின் பேரினப் பெயர் பைலா. மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பியின் பேரினப் பெயர் பிங்க்டாடா. இரண்டும் அந்த ஏலப் பட்டியலில் பிறந்தவை. தாமிரபரணியின் வயலும் கடலும் இன்றுவரை அவ்வேலத்தின் பெயர்களைச் சுமக்கின்றன.

சங்குக்கும் அப்பட்டியலில் ஒரு பெயர் இடப்பட்டது. அது சாங்கஸ். சங்கு என்ற சொல்லைப் போர்த்துக்கீசியர் சாங்கோ என்று வழங்கினர். அந்த வழக்கே இலத்தீன் ஈறு பெற்றுச் சாங்கஸ் ஆயிற்று. நம் கடற்கரைச் சொல் ஒன்று உலக விலங்கியலின் பேரினப் பெயராக ஏறிவிட்டது! ஆனால் அடுத்த ஆண்டே, 1799இல், பிரெஞ்சு அறிஞர் லமார்க் அதே இனத்துக்கு டர்பினெல்லா என்று பெயரிட்டார். ரோடிங்கின் பட்டியல் பரவலாகப் படிக்கப்படாமையால் லமார்க்கின் பெயரே வழங்கிற்று. எட்கர் தர்ஸ்டன் 1894இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குத் தொழில்கள் பற்றி எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சென்னை மீன்வளத் துறை வெளியீடாகச் சங்கைப் பற்றியே தனி நூல் எழுதினார். ஹார்னெலின் நூல் இன்றும் இத்துறையின் முதல் நூல். சங்கு வாழும் முறை, குளிப்பு, வளைத் தொழில், வழிபாடு அனைத்தும் அதில் உண்டு. ஓட்டின் உருவ வேறுபாடுகளை வைத்து இந்தியச் சங்கைப் பல உட்பிரிவுகளாகவும் அவர் வகுத்தார்.

முந்திய பெயரே வெல்ல வேண்டும் என்பது விலங்கியல் பெயரீட்டின் விதி. ஓராண்டு முந்தியது சாங்கஸ். எனவே இருபதாம் நூற்றாண்டில் அப்பெயர் மீண்டும் வழக்குக்கு வந்தது. நம் நாட்டு மீன்வள ஆய்வேடுகள் பலவற்றிலும் சாங்கஸ் பைரம் என்ற பெயரைக் காணலாம். இரு பெயரும் வழங்கிக் குழப்பம் மிகவே, விலங்கியல் பெயரீட்டுக்கான பன்னாட்டு ஆணையம் 1957இல் தீர்ப்பு வழங்கியது. பழகிய பெயரான டர்பினெல்லா நிலைபெறும். சாங்கஸ் விலக்கப்படும் என்பது தீர்ப்பு. விதிக்கு விலக்குத் தந்து வழக்கைக் காத்தார்கள். வழக்கு வென்றது என்பதில் இலக்கணம் படித்தவனுக்கு வியப்பில்லை. மரபு என்ற சொல்லுக்கே அதுதான் பொருள். ஆனால் வென்றது எவருடைய வழக்கு என்று கேட்கலாம். கொற்கையில் ஈராயிரம் ஆண்டுகளாக வழங்கிய சொல் அந்த ஆணையத்தின் கணக்கில் ஒரு வழக்காகவே வரவில்லை.

4. வலமா இடமா

சங்கின் வகைப்பாட்டில் மற்றொரு முடிச்சு உண்டு. நாம் வலம்புரி என்று போற்றுவதை விலங்கியலார் இடஞ்சுழி என்கின்றனர். நாம் இடம்புரி என்று எளிதாகக் கருதும் சங்கு அவர்களுக்கு வலஞ்சுழி. இணையத்தில் வலம்புரிச் சங்கு வாங்கி ஏமாறுவோர் பலர் இந்த முரணில் சிக்கியவர்களே. வேற்றுக் கடல்களில் இயல்பாகவே இடஞ்சுழியாக வளரும் வேறின நத்தை ஓடுகள் வலம்புரி என்ற பெயரில் விற்கப்படுகின்றன.

முரணுக்குக் காரணம் எளியது. விலங்கியலார் ஓட்டின் சுருள்முனை மேலே இருக்க, வாய் தம்மை நோக்கி இருக்க வைத்துப் பார்ப்பர். அப்போது வாய் வலப்பக்கம் திறந்தால் வலஞ்சுழி. நம்மவர் சங்கை ஊதுகருவியாக அறிந்தவர்கள். சுருள்முனையைத் துளைத்து வாயில் வைத்தால், ஒடுங்கிய மறுமுனைதான் மேல்நோக்கி நிற்கும். அப்படித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் அதே வாய் இடப்பக்கம் திறக்கும். சங்கு மாறவில்லை. பிடித்த கை மாறியிருக்கிறது.

இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் வகைப்பாட்டின் வரலாறு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. இலக்கணி சொல்லின் பக்கம் நின்று பார்த்தார். நிகண்டாசிரியர் அருமையின் பக்கம். வணிகர் வளையின் பக்கம். லின்னேயஸ் அலமாரியின் பக்கம். ஒவ்வொருவர் கண்டதும் உண்மையே. எப்படிப் பிடித்துப் பார்த்தோம் என்பதை மறந்துவிடும்போதுதான் அது பிழையாகிறது.

5. ஓடு சொல்லும் பொய்

ஓட்டைக் கொண்டு இனம் காண்பதன் எல்லையை ஐரோப்பியரும் விரைவில் உணர்ந்தனர். குவியே 1790களில் உள்ளுறுப்புகளை அறுத்துப் பார்த்து வகுக்கும் முறையைக் கொண்டுவந்தார். வயிற்றையே காலாகக் கொண்டு ஊர்வன என்ற பொருளில் வயிற்றுக்காலி என்னும் பிரிவு அவரால் 1795இல் அமைந்தது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு லிம்பெட் எனப்படும் உயிர். கன்னியாகுமரி, மணப்பாடு போன்ற இடங்களில் அலை மோதும் பாறைகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: கவிழ்த்து வைத்த சிறு கிண்ணம் போன்ற ஓடு பாறையோடு ஒட்டிக் கிடக்கும், தொட்டால் இன்னும் இறுகும். அதுவும் நத்தையே, சுருள் மட்டும் இல்லை.

இக்கிண்ண ஓடுகள் எல்லாம் ஓரினம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கிண்ணம் என்பது வாழ்வதற்கு வாய்ப்பான உருவம். குலத்தின் அடையாளம் அன்று. வெவ்வேறு நத்தைக் குலங்கள் தனித்தனியே அவ்வுருவை அடைந்திருக்கின்றன. நம் கடற்பாறைகளிலேயே செல்லானா என்னும் கிண்ண நத்தை உண்டு. அது நத்தைக் குலத்தின் மிகப் பழைய கிளையைச் சேர்ந்தது. சைஃபனேரியா என்னும் கிண்ண நத்தையும் உண்டு. அது காற்றைச் சுவாசிக்க வல்லது. தோட்டத்து நத்தைக்கு நெருங்கிய உறவு. அருகருகே ஒரே உருவில் ஒட்டியிருப்பவை குலத்தால் மிகத் தொலைவில் உள்ளவை. மறுபுறம், வயல் நத்தையும் கடற்சங்கும் ஒரே பெருங்கிளையின் இரு கொம்புகள். அவ்விரண்டையும் நந்து என்ற ஒரே சொல்லில் சேர்த்த உரையாசிரியரை இந்த இடத்தில் நன்றியோடு நினைக்கலாம்.

6. கண்ணில்லாத நத்தை

1977இல் கலபகோஸ் தீவுகளை அடுத்த ஆழ்கடலில் கொதிநீர் ஊற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. கடல்தரை பிளந்து விலகும் முகடுகளில், பிளவுக்குள் இறங்கிய நீர் பாறையின் வெப்பத்தால் கொதித்து, செம்பும் துத்தநாகமும் இரும்பும் கந்தகமும் கலந்து மேலே பீறிடுகிறது. கதிரொளி எட்டாத அந்த ஆழத்தில் உயிர் இருக்காது என்று எண்ணியிருந்தார்கள். அங்கே உயிர்கள் மொய்த்திருந்தன. கந்தகத்தை ஆற்றலாக மாற்றும் நுண்ணுயிர்களே அங்கு உணவுச் சங்கிலியின் முதற்கண்ணி.

மேலே வந்த உயிர்களுள் கிண்ண நத்தைகள் பல. லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் மெக்லீன் அவற்றுள் ஒன்றை 1981இல் விவரித்தார். ஓட்டைப் பார்த்தால் லிம்பெட். உள்ளே பார்த்தால் எந்த லிம்பெட் குலத்திலும் அடங்காதது. நியோம்ஃபாலஸ் என்று புதுப்பேரினம் வகுத்தார். தொடர்ந்து ஊற்றுகள் தோறும் புதிய குடும்பங்கள் கிடைத்தன. நத்தைகளின் வகைப்பாட்டு மரமே திருத்தி எழுதப்பட்டது. பிற்காலத்தில் மரபணு ஒப்பீடும் துணைக்கு வந்தது.

நமக்கு நெருங்கிய செய்தி இந்தியப் பெருங்கடலுடையது. மொரீஷியசுக்குத் தென்கிழக்கே நடுக்கடலில் 2400 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் உள்ள கைரேய் ஊற்றுத்தொகுதியை ஜப்பானியர் 2000இல் கண்டனர். அடுத்த ஆண்டு அங்கு ஓர் அமெரிக்கக் குழு வியப்பான நத்தை ஒன்றை எடுத்தது. அதன் காலின் பக்கங்களில் ஓட்டு வீடு வேய்ந்தது போலச் செதில்கள். செதில்களின் மேல் இரும்பும் கந்தகமும் கலந்த கருநிறப் பூச்சு. ஓட்டின் வெளியடுக்கும் அவ்வாறே. உடலில் இரும்புக் கவசம் பூண்ட வேறு விலங்கு அறியப்படவில்லை. செதில்கால் நத்தை என்ற பொதுப்பெயரால் 2003 முதல் உலகப்புகழ் பெற்றது.

ஆயினும் முறையான பெயர் அதற்கு 2015இல்தான் கிடைத்தது. சோங் சென்னும் அவருடன் பணியாற்றியோரும் இட்ட பெயர் கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம். பொன்மயிர் உடையது, செதில் சுமப்பது என்று பொருள். நியோம்ஃபாலசின் பெருங்குலத்தைச் சேர்ந்தது. இதனிடையே சாலிடேர் என்ற மற்றோர் ஊற்றில் இதே நத்தை இரும்புப் பூச்சின்றி வெளிறிய நிறத்தில் கிடைத்தது. கருப்பும் வெளுப்பும் வேறு வேறு இனம் என்று சொல்லத் தோன்றும். இல்லை, மரபணு ஓரினம் என்றது. ஊற்று நீரில் கரைந்துள்ள இரும்பின் அளவே கவசத்தைத் தீர்மானிக்கிறது.

இனி மரபியலுக்குத் திரும்புவோம். இந்த நத்தைக்குக் கண் இல்லை. இரையைத் தேடி மேய வேண்டிய தேவையும் இல்லை. உணவுக்குழலை ஒட்டிப் பெருத்த ஒரு சுரப்பியில் நுண்ணுயிர்கள் குடியிருந்து அதற்கு உணவளிக்கின்றன. அவற்றிற்கு உயிர்வளி சேர்ப்பதற்காக இதயம் மட்டும் உடலளவுக்கு மிஞ்சிப் பெரிது. குடல் சிறுத்துவிட்டது. உடம்பால் உணர்வதும் நாவால் உணர்வதும் ஆகிய ஈரறிவு என்ற விளக்கம் வயல் நத்தையைவிட இதற்கே பொருந்தும் போலிருக்கிறது. நாவின் தேவையும் குறைந்துவிட்டதால் இதை ஓரறிவுக்கு இறக்கலாமா என்றுகூட வகுப்பில் ஒரு மாணவி கேட்டார். கேள்வி விளையாட்டாக வந்ததே. ஆனால் புலனறிவை ஏணிப்படியாக எண்ணும் முறையின் குறையை அது நன்றாகக் காட்டியது. படி இறங்கியதால் அந்நத்தை தாழ்ந்துவிடவில்லை. வேறெந்த உயிரும் தாங்காத இடத்தில் வாழ்வதற்கு அது கண்ட வழி அது.

7. பெயர் எதற்கு

2019 ஜூலையில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் செதில்கால் நத்தையை அழியும் நிலையிலுள்ள இனமாகத் தன் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. ஆழ்கடல் சுரங்கத்தால் நேரக்கூடிய இடரைக் காரணமாகக் காட்டி ஓர் உயிர் அப்பட்டியலில் ஏறியது அதுவே முதன்முறை. அன்று அறியப்பட்டிருந்த அதன் மூன்று வாழிடங்களுள் இரண்டு சுரங்க ஆய்வுக்கு உரிமம் வழங்கப்பட்ட பகுதிகளில் இருந்தன. தொடர்ந்து, ஊற்றுகளில் மட்டுமே வாழும் 184 மெல்லுடலி இனங்களை ஆராய்ந்த ஒரு மதிப்பீடு 2021இல் வெளிவந்தது. அவற்றுள் 62 விழுக்காடு அழிவு அபாயத்தில் உள்ளவை என்று அது கண்டது.

இடர் எங்கிருந்து வருகிறது? ஊற்று நீர் கக்கும் உலோகம் குளிர்ந்து புகைக்கூண்டு போலக் குவிகிறது. செம்பு, துத்தநாகம், பொன், வெள்ளி அதில் உண்டு. பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்தோடு 2016 செப்டம்பரில் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியப் பெருங்கடல் முகடுகளில் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இவ்வகைக் கனிமத்தை ஆராயும் உரிமையை இந்தியா பெற்றது. ஆழ்கடல் இயக்கம் 2021இல் ஒப்புதல் பெற்றது. 2024 டிசம்பரில் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தினரும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தினரும் சுமார் 4500 மீட்டர் ஆழத்தில் ஓர் ஊற்றைப் படம் எடுத்தனர். பெருமைக்குரிய அறிவியல் சாதனை என்பதில் ஐயமில்லை. அந்தப் படத்துக்குள் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்பதை வகுத்துச் சொல்லப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதே என் கவலை. உலோகத்தை அளப்பதற்குப் பொறியாளர் கிடைப்பார். நத்தையின் நாவில் உள்ள பல்வரிசையை நுண்ணோக்கியில் எண்ணி இனம் காண்பவர் அத்தனை எளிதில் கிடைப்பதில்லை. செதில்கால் நத்தை 14 ஆண்டுகள் முறையான பெயரின்றி இருந்ததை எண்ணினால் இது விளங்கும். அத்துணைப் புகழ்பெற்றதற்கே அந்நிலை என்றால், புகழில்லாத கிண்ண நத்தைகளுக்கு எப்படியிருக்கும்? பெயரில்லாத உயிரைச் சிவப்புப் பட்டியலில் சேர்க்க முடியாது. பட்டியலில் இல்லாததற்காக வாதிடவும் முடியாது.

கொற்கையின் கடல் இதற்குப் பாடம் சொல்லும். தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம் 1961இல் நடந்தது. அதன் பின் அரசு முத்துக்குளிப்பு நடத்துமளவுக்குப் பார்களில் சிப்பி சேரவில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஈராயிரம் ஆண்டு எடுத்த பிறகே காக்க வேண்டும் என்ற நினைவு வந்தது. ஆழ்கடலில் எடுப்பதற்கு முன்பே நினைப்பதற்கு இன்னும் வாய்ப்பிருக்கிறது.

தாமிரபரணி என்ற பெயரின் முற்பகுதிக்குச் செம்பு என்றும் செந்நிறம் என்றும் பொருள் சொல்வர். செம்பின் பெயர் கொண்ட ஆற்றின் கரையிலிருந்து, கடலடியில் செம்பு தேடும் காலத்தில், நத்தையைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். இலக்கணம் கற்பிப்பவனுக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. நந்து இனத்தை வகுத்த பழைய நூலோர் தாம் கண்டவற்றுக்குப் பெயர் சொன்னார்கள். காணாதவை உண்டு என்பதை மறவாமல், அவ்வினத்தில் பிறவும் உள்ளன என்று கதவைத் திறந்து வைத்தார்கள். அவர்கள் சொன்ன அறிவின் எண்ணிக்கையை நாம் காப்பாற்ற வேண்டியதில்லை. அது தன் பணியை முடித்துவிட்டது. காப்பாற்ற வேண்டியது அந்தத் திறந்த கதவை. ‘பிற’ என்று அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் நிரப்புவதற்கு இன்னும் எத்தனையோ உயிர்கள் இருளில் காத்திருக்கின்றன. அவை மறைவதற்கு முன் நாம் அவற்றின் பெயரை அறிவோமா என்பதே எஞ்சும் வினா.